ஓய்வு நாளின் கிலோமீட்டர்கள்

அமிர்தசரஸிலிருந்து கொல்கத்தாவுக்கு சைக்கிளில் போவது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தது. தேதி, ஊர், தூரம், தங்குமிடம், செலவு. தொழில் புத்தி, வேறென்ன. சனிக்கிழமை கிளம்பினால் இரண்டு நாள் லீவு மிச்சம். ஆறு நாள் மிதித்தால் ஏழாம் நாள் ஓய்வு. அந்தக் கணக்குப்படி முதல் ஓய்வு நாள் கச்சிதமாக ஆக்ராவில் வந்து விழுந்தது. இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? காலுக்கு ஓய்வு, கண்ணுக்குத் தாஜ்மஹால்.

சனிக்கிழமையிலிருந்து ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை என்பதை நான் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மஹால் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். லாட்ஜில் இதைச் சொன்ன பையன் ரொம்ப சாதாரணமாக, "கல் ஆ ஜாயியே" என்றான். நாளைக்கு வாருங்கள். நாளைக்கு நான் ஃபிரோசாபாத் தாண்டியிருக்க வேண்டும். ஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

சுமார் 660 கிலோமீட்டர் மிதித்த உடம்புடன் தாஜ்கஞ்ச் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். சொந்த சைக்கிளில் ஊர் சுற்றலாம்தான். ஆனால் அன்று சீட்டில் உட்காருவதை நினைத்தாலே உடம்பு வேண்டாம் என்றது. அப்போது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். மெஹ்தாப் பாக் போகலாம், ஆற்றுக்கு அந்தக் கரை, அங்கிருந்து தாஜ் தெரியும், போக வர முந்நூறு என்றார். நான் இருநூறு என்றேன். கொஞ்ச நேரம் பேசி இருநூறுக்கே ஒப்புக்கொண்டார். ஏறி உட்கார்ந்தேன்.

பாலத்தின் ஏற்றம் வரும்வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அங்கே அவர் சீட்டிலிருந்து எழுந்து, உடம்பின் முழு எடையையும் பெடலில் போட்டு நான்கைந்து சுற்று மிதித்தார். பிறகு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். அந்தக் கெண்டைக்கால் நரம்பு எப்படி முறுக்கும், தொடையில் எந்த இடம் எரியும், மூச்சு எங்கே சிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு நாளாக அதே சாலையில் நான் செய்ததும் அதுதான். இப்போது என் ஓய்வு நாளில் அதை இன்னொருவர் எனக்காகச் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது அல்ல. அந்தப் பயணத்துக்காக நான் படித்துக்கொண்டிருந்த சைக்கிள் பயண நூல்களைப் பற்றியது. அந்தப் பாலத்துக்குப் பிறகு அவற்றை முன்புபோல் என்னால் வாசிக்க முடியவில்லை.

*

நீண்ட சைக்கிள் பயணத்தைப் பற்றிய எந்த நூலிலும் இரண்டு வகை அத்தியாயங்கள் இருக்கும். ஓடும் நாட்கள், நிற்கும் நாட்கள். ஓடும் நாளை எழுதுவது ஒப்பீட்டளவில் சுலபம். சாலையே பாதியை எழுதிக் கொடுத்துவிடும். பஞ்சர், எதிர்க்காற்று, நாய், தாகம், வழி தவறல், யாரோ கொடுத்த டீ. நிற்கும் நாளில் அந்த உதவி எதுவும் கிடையாது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, யாரைப் பார்க்காமல் விடுவது எல்லாம் எழுதுபவர் கையில். அதனால்தான் ஒரு பயண எழுத்தாளர் யார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய ஓய்வு நாளைப் படித்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தாமஸ் ஸ்டீவன்ஸ். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பியவர் 1886 டிசம்பரில் யோக்கஹாமாவில் முடித்தார். அவர் ஓட்டியது நம் சைக்கிள் இல்லை. முன்சக்கரம் மட்டும் ஐம்பது அங்குலம், பின்னால் சின்னதாக ஒரு சக்கரம், அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஆப்கானிஸ்தானில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டு, சுற்றிக்கொண்டு கப்பலில் கராச்சி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். நான் போன சாலையின் பெரும்பகுதி அவர் போனது. நூலின் இரண்டாம் பாகத்தில் தில்லிக்கும் ஆக்ராவுக்கும் சேர்த்து ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

ஸ்டீவன்ஸின் எழுத்தில் உயிருள்ள பகுதி எது என்றால் துருக்கியும் பாரசீகமும்தான். அங்கே ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் கூடி, ஏறிக் காட்டு, ஏறிக் காட்டு என்று அவரைப் பிடுங்கி எடுக்கிறது. களைத்துப்போய் வந்தவர் சாப்பிடக்கூட விடாமல் மறுபடி மறுபடி ஏறி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. எரிச்சல்படுகிறார், கத்துகிறார், பல இடங்களில் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி இன்றைக்கு நம்மால் சகிக்க முடியாத விதத்தில் எழுதுகிறார். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு விஷயம் நடக்கிறது. வேடிக்கை பார்க்கப்படுபவர் அவர். உலகத்தைப் பார்க்கக் கிளம்பிய வெள்ளைக்காரரை உலகம் சுற்றி நின்று பார்க்கிறது.

எனக்கும் இது நடந்தது, சின்ன அளவில். கர்னாலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு ஆலைக் கொட்டகை. பனியில் விறைத்துப்போன கையைச் சூடாக்கிக்கொள்ள நிறுத்தினேன். ஒருவர் டயரை அழுத்திப் பார்த்தார். ஒரு பையன் பின் கியர் தட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினான். விலை கேட்டார்கள். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு பாதியாகச் சொன்னேன், அதுவே அதிகம் என்று சிரித்தார்கள். சூடான வெல்லத்தைக் கிழித்த பேப்பரில் வைத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம் அங்கே காட்சிப்பொருள் நான்தான்.

ஓய்வு நாளில் இந்தப் பார்வை திரும்பிக்கொள்கிறது. ஆக்ராவில் ஸ்டீவன்ஸ் பார்ப்பவராக மாறிவிடுகிறார். அவரை யாரும் ஏறிக் காட்டச் சொல்லவில்லை. விளைவு, உரைநடை தளர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் யார் தாஜ்மஹாலைப் பற்றி எழுதினாலும் வரக்கூடிய வியப்பு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது அங்குலச் சக்கரத்தின் மேலிருந்து உலகைப் பார்த்த மனிதரின் கண் இது என்று சொல்ல அந்தப் பகுதியில் தடயமே இல்லை. ரயிலில் வந்த எவரும் அதை எழுதியிருக்கலாம்.

சாலையில் இலவச வெல்லம் தின்ற நான், ஆக்ராவில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசியவன் ஆனதும் இதே திருப்பத்தில்தான். சாலையில் இருக்கும்வரை அடுத்தவர் தயவு தேவை. ஊரில் நின்றதும் நான் கஸ்டமர். கஸ்டமருக்கு எல்லோர்மேலும் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.

*

ஸ்டீவன்ஸுக்கு ஓய்வு நாள் ஓர் அத்தியாயம் என்றால், வொர்க்மன் தம்பதிக்கு மொத்தப் புத்தகமுமே ஓய்வு நாள்தான்.

ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன். அமெரிக்கர்கள், வசதியானவர்கள். ஏற்கெனவே அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் சைக்கிளில் சுற்றி நூல்கள் எழுதியவர்கள். 1897இன் இறுதியில் தொடங்கிய ஆசியப் பயணத்தில் இலங்கை, ஜாவா, பர்மா, கூடவே குமரிமுனை தொடங்கி வடக்கே இமயம் வரைக்கும் இந்தியா. மொத்தம் 14,000 மைல், அதாவது 22,500 கிலோமீட்டர். பயணம் தொடங்கும்போது ஃபேனிக்கு 38 வயது, வில்லியமுக்கு 50. அந்த அனுபவம் 1904இல் ‘த்ரூ டவுன் அண்ட் ஜங்கிள்’ என்ற நூலாக வந்தது. துணைத் தலைப்பு, இந்தியச் சமவெளியின் கோயில்களுக்கும் மக்களுக்கும் நடுவே பதினான்காயிரம் மைல் என்று வாக்குக் கொடுக்கிறது.

கோயில்களைப் பொறுத்தவரை வாக்கு காப்பாற்றப்படுகிறது. மகாபாரதம், ராமாயணம், ஜாதகக் கதைகள் எல்லாம் படித்துத் தயாராகி வந்தவர்கள். பாதை வளைவதெல்லாம் கட்டடங்களுக்காகத்தான். ஒரு கோபுரத்தையோ தூணையோ அவர்கள் விவரிக்கும்போது அதில் உழைப்பு இருக்கிறது, ஒப்பிடும் அறிவு இருக்கிறது, கூடவே நிறையப் புகைப்படங்கள். சும்மா வியந்து நகர்கிற ஆட்கள் இல்லை. இந்த விஷயத்தில் ஸ்டீவன்ஸை விட எவ்வளவோ மேல்.

மக்கள்? தலைப்பில் இரண்டாவதாக வந்த அந்தச் சொல் உள்ளே போனால் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. இதைக் கட்டியவர்களின் காலத்தைத் தெரிந்துகொள்ள அவர்கள் பட்ட பாட்டில் பாதி, கண்முன்னே நிற்பவர்களோடு பேசுவதில் இல்லை. பழைய இந்தியாவில் அபார ஆர்வம். நடப்பு இந்தியா பெரும்பாலும் ஓர் இடைஞ்சல். இதைத் தனிப்பட்ட குறையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. காலனிய காலப் பயண எழுத்தின் பொதுவான ஏற்பாடு அது. கல் மகத்தானது, அதைச் சுற்றி வாழ்பவர் அதற்குத் தகுதியற்றவர்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இவர்களிடமும் உடம்பு காணாமல் போகிறது. சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டிய கைகள் அவை. ஆளுக்கு ஒரு கம்பளி, கொஞ்சம் டீ, பிஸ்கட்டோடு மைல்கணக்கில் மிதித்த கால்கள். ஃபேனி அந்தக் காலத்துக்கு அசாதாரணமான பெண். பின்னாளில் காரகோரத்தின் சியாச்சின் பனிப்பாறைக்குப் போய், 1912இல் ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்று தலைப்பிட்ட செய்தித்தாளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர். ஒரு பெண்ணின் உடம்பால் என்ன முடியும் என்று உலகத்துக்கு நிரூபிப்பதே அவர் வாழ்க்கை. ஆனால் கோயில் வாசலில் நுழைந்ததும் அந்த உடம்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவது ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு கேமராவும் மட்டும். நூறு கிலோமீட்டர் வெயிலில் மிதித்து வந்தவருக்குக் கல் மண்டபத்தின் குளிர்ச்சி உள்ளங்காலில் எப்படி ஏறும்? அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு எப்படி இருக்கும்? மண்டபம் என்பதே நடந்து வந்தவர்கள் உட்காருவதற்குக் கட்டியதுதானே. அதை எழுதக்கூடிய தகுதி அவர்களுக்கு இருந்தது. எழுதவில்லை.

*

டெர்வ்லா மர்ஃபியிடம் வரும்போது நிம்மதியாக மூச்சு விட முடிகிறது. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஓர் அட்லஸும் பழைய சைக்கிள் ஒன்றும் பரிசாக வந்தன. சில நாள் கழித்து ஊருக்குப் பக்கத்துக் குன்றில் ஏறும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் தன் கால்களைப் பார்த்து, இவை இப்படியே நிற்காமல் சுற்றினால் இந்தியாவுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தாராம். இருபது வருஷம் கழித்து, 1963 ஜனவரியில், ஐரோப்பாவே உறைந்து கிடந்த குளிரில் கிளம்பி ஜூலையில் தில்லி வந்தார். நூல் ‘ஃபுல் டில்ட்’, 1965இல் வெளியானது. கட்டுரைக்காக மெனக்கெட்டு எழுதியது இல்லை. வழியில் நண்பர்களுக்குத் தவணை தவணையாக அனுப்பிய நாட்குறிப்பு.

துணைத் தலைப்பில் இந்தியா இருந்தாலும் இந்தியா வருவது கடைசிக் கொஞ்சம் பக்கங்களில்தான். நூலின் இதயம் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானின் வடக்கு மலைகளும். ஆனாலும் என் கேள்விக்கு இந்த நூல்தான் அதிகம் உதவியது. ஏனென்றால் மர்ஃபியிடம் ஓய்வு நாளுக்கென்று தனிக் குரல் கிடையாது. நிற்பதும் ஓடுவதும் ஒரே உடம்பில் நடக்கின்றன. ஆப்கானிஸ்தானில் ஒரு பஸ் தகராறில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்பு உடைகிறது. பிறகு ஓய்வு என்பது அந்த வலியோடு இருப்பது. யாரோ வீட்டில் தங்குவது, யாரோ கொடுத்ததைத் தின்பது, யாரோடோ பேசுவது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அவரை ஆள்வதில்லை. அப்படியே ஓரிடத்தைப் பார்த்தாலும், இதே ஆள்தான் நேற்று மலை ஏறினார் என்று அந்த வாக்கியத்திலேயே தெரியும்.

அவரிடம் குறை இல்லையா என்றால், உண்டு. மோட்டாரும் தார்ச்சாலையும் நுழையாத வாழ்க்கைமீது அவருக்கு ஒரு காதல். இயந்திரம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்ற பயம். பயணத்துக்கு முன் அந்தப் பக்கங்களை அடிக்கோடு போட்டுப் படித்தேன். நாள் முழுக்க ஏசி அறையில் ஸ்கிரீனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது பிடிக்காமல் எப்படி இருக்கும்.

பாலத்தின் உச்சியில் ரிக்‌ஷாவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார் பெரியவர். என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அமிர்தசரஸிலிருந்தா, சைக்கிளிலா? நம்பவில்லை. "யாராவது அனுப்பினார்களா பேட்டா? காசு கொடுக்கிறார்களா?" இல்லை என்றேன். "அப்புறம் எதற்கு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. எங்களைத் தாண்டி ஒரு பேட்டரி ரிக்‌ஷா சத்தமில்லாமல் ஏறிப் போனது. அதைக் காட்டி, அது மாதிரி ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கால் தப்பிக்கும் என்றார். இந்த வண்டிகூட அவருடையது இல்லை, நாள் வாடகை. மர்ஃபி பயந்த அந்த மோட்டாருக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். மிதிப்பது எனக்குச் சுதந்திரம். அவருக்கு அது சம்பளம், அதுவும் நான் நூறு ரூபாய் குறைத்த சம்பளம்.

*

"நான் கொஞ்ச தூரம் மிதிக்கிறேன் சாச்சா" என்றேன். சிரித்தார். வற்புறுத்தியதும் இறங்கி, பயணிகள் இருக்கையில் உட்காராமல் பக்கத்தில் நடந்து வந்தார். குற்றவுணர்ச்சிக்கு ஒரு சீக்கிர மருந்து என்று நினைத்துத்தான் ஏறினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

இருபது மீட்டர்கூடப் போகவில்லை. வண்டி சாலையோரத்துக்கே இழுத்தது. இரண்டு சக்கரத்தில் நாம் திருப்புவது கையால் இல்லை, உடம்பைச் சாய்த்து. மூன்று சக்கரம் சாயாது. ஆனால் என் உடம்பு பழக்கத்தில் சாய்ந்துகொண்டே இருந்தது. ஓரத்துச் சரிவு எந்தப் பக்கமோ வண்டி அந்தப் பக்கம் ஓடியது. கியர் கிடையாது, கனம் வேறு. கடைசியில் அவரே கைப்பிடியைப் பிடித்து நிறுத்தி என்னை இறக்கினார். எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. 660 கிலோமீட்டர் ஓட்டிய கால்களுக்கு அது ஒரு வேலை என்றும், அதற்கு ஒரு தொழில்திறன் உண்டென்றும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு லாட்ஜில் மறுபடி ஸ்டீவன்ஸைப் பிரித்தேன். அந்தக் காலத்து டாக் பங்களாக்களைப் பற்றி ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரப் பயணி தூங்குவதற்காக வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்து பங்கா இழுத்துக்கொண்டிருப்பார். சமைக்க ஒரு கான்சாமா. அந்தச் சாலையில் ஓய்வு என்ற ஒன்று அந்தரத்தில் நிகழ்ந்ததே இல்லை. ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் இயங்கிக்கொண்டிருந்தார். சாலை அத்தியாயத்தில் எழுத்தாளரின் உழைப்பு பக்கம் பக்கமாக வரும். ஓய்வு அத்தியாயத்தில் மற்றவரின் உழைப்பு அநேகமாக ஒரு வரி, அதுவும் புகாராக. சுற்றிப்பார்த்தல் என்ற உரைநடை இந்த இடைவெளியின் மேல்தான் கட்டப்படுகிறது. அது ஏன் அவ்வளவு மிதப்பாக, எடையே இல்லாமல் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். எடையை வேறு ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய வெள்ளைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வதற்கு இதைச் சொல்லவில்லை. இன்றைக்குத் தமிழில் வருகிற சைக்கிள், பைக் பயணக் குறிப்புகளையும் வீடியோக்களையும் பாருங்கள். ஓடும் நாளில் எல்லாம் நேர்மையாக இருக்கும், வேர்வை, கால் பிடிப்பு, அழுகைகூட. ஓய்வு நாள் வந்ததும் ட்ரோன் மேலே போய்விடும். கட்டியது யார், எந்த ஆண்டு, எத்தனை அடி உயரம். அந்த உயரத்திலிருந்து யாருடைய காலும் தெரியாது.

*

மெஹ்தாப் பாக்கிலிருந்து தெரிவது தாஜ்மஹாலின் பின்பக்கம். நடுவே யமுனை, நாணல், குளிர்காலத்து மங்கல் வெளிச்சம். ஷாஜகான் தனக்காக இந்தக் கரையில் ஒரு கறுப்புத் தாஜ் கட்ட நினைத்தார் என்று கைடுகள் சொல்வார்கள். அகழ்ந்து பார்த்தபோது கிடைத்தது கறுப்புக் கட்டடம் இல்லை, ஒரு பெரிய எண்கோணக் குளம். எதிர்க்கரைக் கட்டடம் தண்ணீரில் தெரிவதற்காக. அதாவது இது பார்ப்பதற்கென்றே போட்ட தோட்டம். எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியவர் வாசலில் வண்டியிலேயே குறுகிப் படுத்துத் தூங்கினார். அந்த இடத்தில் அன்று உண்மையில் ஓய்வெடுத்தது அவர்தான், அந்த ஒரு மணி நேரம்.

திரும்பி வந்து முந்நூறு கொடுத்தேன். வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. போகும் வழியில் பேட்டா வாங்கிக்கொள் என்று ஒரு கடையைக் காட்டினார். நம் ஊர்க் காசி அல்வாவுக்குப் போடும் அதே வெண்பூசணிதான். அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். இருக்கட்டும் என்று அரை கிலோ வாங்கினேன்.

கொல்கத்தா போய்ச் சேர்ந்து, ஊர் திரும்பி, அந்தப் பயணத்தைப் பற்றி நண்பர்களுக்காக நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். போன வாரம் இந்தக் கட்டுரைக்காக அதைத் தேடி எடுத்துப் படித்தேன். ஆக்ராவுக்கு ஒன்றரைப் பக்கம். தாஜ்மஹால் 1632இல் கட்டத் தொடங்கியது, மும்தாஜ் இறந்தது புர்ஹான்பூரில், வெள்ளிக்கிழமை ஏமாற்றம், மெஹ்தாப் பாக்கின் வெளிச்சம். பெரியவர் இல்லை. ஸ்டீவன்ஸும் வொர்க்மன்களும் செய்த அதே காரியத்தை, அவர்களைப் படித்துக்கொண்டே நானும் செய்திருக்கிறேன்.

எக்ஸெல் ஷீட் இன்னும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே, ஊர் ஆக்ரா, தூரம் 0 என்று இருந்தது. அன்று நாங்கள் போக வரப் பதினான்கு கிலோமீட்டர் போயிருக்கிறோம். திருத்திவிட்டேன். யார் மிதித்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. புதிதாக ஒன்று சேர்த்தேன். மற்ற எல்லா நாளுக்கும் நேரே என் பெயரை நிரப்பிவிட்டு இந்த வரிக்கு வந்தபோதுதான், அவர் பெயரை நான் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது.